ஆஸ்டியோபதி: ஒரு பட்டம் மதிப்புப் பெற்ற வரலாறு

கடைத்தெருவில் நடந்து செல்லும்போது மருத்துவர்களின் பெயர்ப்பலகைகளைப் படிக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? "எம்.பி.பி.எஸ்., டி.ஓ." என்று ஒரு பலகையில் எழுதியிருந்தால், அவர் கண் மருத்துவர் என்று தெரிந்துகொள்கிறோம். நம் நாட்டில் டி.ஓ. என்பது கண் மருத்துவப் பட்டயத்தைக் குறிக்கும். அதே இரண்டு எழுத்துகளை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவர் பெயருக்குப் பின்னால் கண்டால், அவரைக் கண் மருத்துவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மற்ற மருத்துவர்களைப் போலவே அவர் மருந்து எழுதித் தருவார், அறுவை செய்வார், இதய நோய்க்கும் குழந்தைகளின் நோய்க்கும் சிகிச்சை அளிப்பார்.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். அங்கே ஒருவர் தம்மை ஆஸ்டியோபதியர் என்று சொல்லிக்கொண்டால் பொருள் மீண்டும் மாறிவிடுகிறது. அவர் மருந்து எழுதித் தருவதில்லை. கத்தியைக் கையில் எடுப்பதில்லை. முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி போன்ற துன்பங்களுக்குத் தம் கைகளால் அழுத்தியும் நீட்டியும் அசைத்தும் சிகிச்சை செய்கிறார்.

பெயர் ஒன்று, மூலவர் ஒருவர், முதல் பள்ளிக்கூடமும் ஒன்றுதான். அப்படியிருக்க, ஒரு விதையிலிருந்து இரண்டு வெவ்வேறு தொழில்கள் முளைத்தது எப்படி? ஒரு பட்டத்துக்கு மதிப்பைத் தருவது எது? இந்தக் கேள்விகளுக்கு விடை காண 150 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அதற்கு முன் பெயரைப் பற்றி ஒரு சொல். கிரேக்க மொழியில் 'ஆஸ்டியான்' என்றால் எலும்பு. 'பாதோஸ்' என்றால் துன்பம் அல்லது நோய். இதைக் கொண்டு ஆஸ்டியோபதியை எலும்பு முறிவு வைத்தியம் என்று கொள்ளக் கூடாது. முறிந்த எலும்பை அறுவை செய்து சேர்ப்பது ஆர்த்தோபீடிக்ஸ் என்னும் எலும்பு மருத்துவம். நாம் அறிந்த புத்தூர்க் கட்டும் வேறு. இந்தப் பெயரை வைத்தவர், எலும்பை எல்லா நோய்களுக்கும் வாயிலாகக் கருதினார். அதனால் வந்த பெயர் இது.

மருந்து கைவிட்ட வீடு

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தை கிறித்தவ சமயப் போதகர், மருத்துவமும் செய்துவந்தார். மகன் தந்தையிடமிருந்தே தொழிலைக் கற்றார். அமெரிக்காவின் எல்லைப்புறப் பகுதிகளில் அந்நாளில் மருத்துவம் கற்ற முறை அதுதான். மூத்தவர் ஒருவரோடு குதிரையில் ஊர் ஊராகச் சென்று, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். நுழைவுத் தேர்வும் இல்லை; இறுதித் தேர்வும் இல்லை.

அந்நாளைய மருந்துகள் எவை என்று அறிந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். 'காலோமெல்' என்னும் பாதரச உப்பைத் தாராளமாகக் கொடுத்தார்கள். நம் சித்த மருத்துவர்கள் பூரம் என்று அழைப்பதும் இதுவே. அதை அளவின்றித் தின்ற நோயாளிகளின் பற்கள் ஆடி விழுந்தன. நரம்பைக் கீறி இரத்தத்தை வடித்தார்கள். வலிக்கு அபினி, களைப்புக்குச் சாராயம். கிருமிகளால் நோய் வருகிறது என்பது அப்போது நிலைநாட்டப்படவில்லை. காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்ததே 1882-இல்தான்.

1864-இல் மூளை, தண்டுவட உறை அழற்சி நோய் ஸ்டில் வாழ்ந்த கான்சஸ் பகுதியில் பரவியது. அவர் வீட்டில் மட்டும் மூன்று குழந்தைகள் இறந்தன. மருத்துவர்கள் வந்தார்கள், தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்தார்கள், பயனில்லை. தந்தையே மருத்துவராக இருந்தும் பிள்ளைகளைக் காக்க முடியவில்லை. அன்று முதல் மருந்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை போயிற்று.

அவர் எலும்புகளின் பக்கம் திரும்பினார். எலும்புக்கூடுகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். செவ்விந்தியர்களின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்ததை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். இன்று அதை எவரும் ஏற்கமாட்டார்கள். நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் அவர் கண்ட முடிவு இது: உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உடையது, எலும்புகள், குறிப்பாக முதுகெலும்புகள், இடம் பிசகினால் இரத்த ஓட்டமும் நரம்பின் இயக்கமும் தடைப்படுகின்றன, நோய்க்குக் காரணம் அதுவே, கையால் அதைச் சரிசெய்தால் நோய் நீங்கும். இந்தக் கொள்கை பிறந்த நாளாக 1874 ஜூன் 22-ஐ அவர் குறித்து வைத்தார்.

வாசகர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஸ்டில் கூறியதில் இரண்டு பகுதிகள் உள்ளன. அந்நாளைய மருந்துகள் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்தன என்பது ஒன்று. அது பெரிதும் சரியே. எல்லா நோய்க்கும் மூலம் இடம் பிசகிய எலும்பே என்பது மற்றொன்று. அதற்கு அன்றும் சான்று இல்லை, பின்னரும் கிடைக்கவில்லை. சரியான ஐயத்திலிருந்து தவறான விடைக்குச் சென்றவர்கள் அறிவியல் வரலாற்றில் பலர் உண்டு. ஸ்டில் அவர்களில் ஒருவர்.

கர்க்ஸ்வில் பள்ளிக்கூடம்

பேக்கர் பல்கலைக்கழகம் உருவாக நிலம் கொடுத்த குடும்பம் ஸ்டிலின் குடும்பம். ஆயினும் அங்கே தம் கொள்கையை விளக்கிப் பேச அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1875-இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்னும் சிற்றூருக்குக் குடியேறினார். ஊர் ஊராகச் சென்று சிகிச்சை செய்தார். எலும்பைச் சட்டென்று சரிசெய்யும் 'மின்னல் வைத்தியர்' என்று தம்மை விளம்பரம் செய்துகொண்டதும் உண்டு. நாளடைவில் நோயாளிகள் அவரைத் தேடி இரயிலேறி வரத் தொடங்கினர்.

1892-இல் அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளி கர்க்ஸ்வில்லில் தொடங்கியது. முதல் வகுப்பில் சுமார் 20 மாணவர்கள். பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் என்பது அந்நாளில் குறிப்பிடத்தக்க செய்தி. எடின்பரோவில் பயின்ற வில்லியம் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் உடற்கூறு கற்பித்தார். முதல் படிப்பு சில மாதங்களே நீடித்தது. மருந்தியல் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அறுவை மருத்துவத்தையும் கிருமிநாசினியையும் ஸ்டில் மறுக்கவில்லை.

இனி நாம் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருவோம். அந்தப் பள்ளியின் சாசனப்படி எம்.டி. என்னும் பட்டத்தையே வழங்கியிருக்கலாம். ஸ்டில் வேண்டுமென்றே அதைத் தவிர்த்தார். தம் மாணவர்கள் மருந்து கொடுக்கும் மருத்துவர்களிடமிருந்து வேறுபட்டவர்கள் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்று விரும்பினார். டி.ஓ. என்ற எழுத்துகள் பிறந்தது இப்படித்தான். எழுத்தை உருவாக்க ஒருவர் போதும். அதற்கு மதிப்பை உருவாக்க ஒரு தலைமுறை போதவில்லை.

முதலில் சட்டத்தின் வாயிலைத் தட்ட வேண்டியிருந்தது. டி.ஓ. பட்டம் பெற்றவர் தொழில் செய்ய அனுமதி அளித்த முதல் மாநிலம் வெர்மான்ட், ஆண்டு 1896. மிசௌரிச் சட்டமன்றம் 1895-இல் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் ஏற்க மறுத்துவிட்டார். 1897-இல் அடுத்த ஆளுநர் கையொப்பமிட்டார். நியூயார்க் மாநிலத்தில் இந்த விவாதம் எழுந்தபோது, 1901-இல் எழுத்தாளர் மார்க் ட்வைனே நேரில் வந்து ஆஸ்டியோபதியருக்காகப் பரிந்து பேசினார்.

வாயில் திறந்ததும் நல்லவரோடு போலிகளும் நுழைந்தனர். அஞ்சல் வழியில் பாடம் அனுப்பி, பணம் பெற்றுக்கொண்டு ஆஸ்டியோபதிப் பட்டயம் தரும் 'பள்ளிகள்' முளைத்தன. ஒரு சடலத்தையும் தொட்டறியாத ஒருவர், ஒரு நோயாளியையும் பார்த்தறியாத ஒருவர், அதே இரண்டு எழுத்துகளைப் போட்டுக்கொள்ள முடிந்தது. நோயாளி எப்படி வேறுபாடு காண்பார்? கர்க்ஸ்வில்லில் முறையாகப் படித்தவர்களே இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். 1897-இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுவே பின்னர் அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கம் ஆயிற்று. பள்ளிகளைச் சோதித்துத் தரம் பிரிப்பது அதன் முக்கியப் பணிகளில் ஒன்றாயிற்று.

பிளெக்ஸ்னர் கேட்ட கேள்வி

1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றியது அந்த அறிக்கை. அவற்றுள் 8 ஆஸ்டியோபதிப் பள்ளிகள். ஆய்வுக்கூடம் இல்லை, மருத்துவமனைப் பயிற்சி போதாது, கல்வியைவிட வணிகமே மேலோங்கியிருக்கிறது என்று அவற்றைக் கடுமையாகக் குறை கூறினார். மருந்து மருத்துவப் பள்ளிகளில் பலவும் அவரிடமிருந்து தப்பவில்லை. அவற்றுள் எத்தனையோ அதன்பின் மூடப்பட்டன.

பிளெக்ஸ்னரின் வாதத்தில் ஒரு கூர்மையான கருத்து இருந்தது. சிகிச்சை எந்த முறையில் செய்தாலும் செய்யுங்கள். மருந்தால் செய்யலாம், கையால் செய்யலாம். ஆனால் அதற்கு முன் நோய் இன்னது என்று கண்டறிய வேண்டும் அல்லவா? ஒருவருக்கு முதுகு வலிக்கிறது. அது தசைப்பிடிப்பாக இருக்கலாம், சிறுநீரகக் கல்லாக இருக்கலாம், முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய உடலியலும் நோய்க்குறியியலும் கிருமியியலும் வேண்டும். எனவே நோயாளியைத் தொடும் எவருக்கும் அடிப்படைக் கல்வி ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஆஸ்டியோபதிப் பள்ளிகள் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. படிப்புக் காலம் படிப்படியாக நான்கு ஆண்டுகளாக உயர்ந்தது. 1917-இல் ஸ்டில் மறைந்தார். அதன்பின் மருந்தியலும் பாடத்திட்டத்தில் இடம் பெற்றது. மூலவர் வெளியே தள்ளியதை மாணவர்கள் உள்ளே அழைத்துவந்தார்கள் என்று சொல்லலாம். 1934-இல் தேசியத் தேர்வு வாரியம் ஏற்பட்டது. 1940 வாக்கில், பள்ளியில் சேருமுன் இரண்டாண்டு கல்லூரிப் படிப்பு வேண்டும் என்ற விதி வந்தது. எலும்பே நோய்க்கு மூலம் என்ற கொள்கை மெல்லப் பின்வாங்கியது. கையால் தொட்டறியும் பயிற்சி மட்டும் தொடர்ந்தது.

65 டாலர் பட்டம்

இத்தனைக்குப் பின்னும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது டி.ஓ. மருத்துவர்களை இராணுவம் மருத்துவ அதிகாரிகளாக ஏற்கவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எம்.டி. மருத்துவர்கள் போர்க்களம் சென்றுவிட, ஊரில் எஞ்சியிருந்த டி.ஓ. மருத்துவர்களிடம் நோயாளிகள் வந்து சேர்ந்தனர். போர் முடிந்த பிறகும் பலர் அவர்களை விட்டுப் போகவில்லை. 1955-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் நியமித்த குழு ஒன்று ஆஸ்டியோபதிக் கல்லூரிகளைப் பார்வையிட்டு, அங்கு நடப்பது முறையான மருத்துவக் கல்வியே என்று அறிக்கை தந்தது. சங்கத்தின் பேரவை அதை ஏற்கவில்லை.

பிறகு கலிபோர்னியாவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அங்கே இரு தரப்புச் சங்கங்களும் 1961-இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாற்றப்பட்டது. மாநிலத்தின் டி.ஓ. மருத்துவர்கள் 65 டாலர் கட்டணம் செலுத்தினால் எம்.டி. பட்டம் பெறலாம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெற்றுக்கொண்டனர். புதிய டி.ஓ. உரிமங்கள் இனி இல்லை என்று 1962-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே சட்டமாயிற்று. நாட்டில் எஞ்சியவை ஐந்தே ஆஸ்டியோபதிக் கல்லூரிகள்.

எண்ணிப் பாருங்கள். முதல் நாள் மாலை வரை தரம் குறைந்தவர் என்று ஒதுக்கப்பட்ட மருத்துவர், 65 டாலர் கட்டியவுடன் மறுநாள் தரமானவர் ஆகிவிட்டார். இடையில் எந்தப் பட்டப்படிப்பையும் புதிதாகப் படிக்கவில்லை; ஒரு தேர்வும் எழுதவில்லை. அப்படியானால் அவருடைய பயிற்சி முன்பே போதுமானதாக இருந்தது என்றுதானே பொருள்? ஆஸ்டியோபதியை விழுங்கிவிட நடந்த முயற்சியே அதற்கு நற்சான்றாக முடிந்தது. அறிவை அளப்பது எழுத்து அன்று; எழுத்தின் பின்னே உள்ள கல்வியே என்பது எல்லாருக்கும் விளங்கிற்று.

அதன்பின் மாற்றம் விரைந்து வந்தது. அரசுப் பணிகளுக்கு டி.ஓ.வும் எம்.டி.யும் சமம் என்று 1963-இல் மத்திய அரசின் பணி ஆணையம் அறிவித்தது. 1966-இல் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா இராணுவ மருத்துவப் பணியில் டி.ஓ. மருத்துவர்களைச் சேர்க்க உத்தரவிட்டார். மிச்சிகனில் 1969-இல் நிறுவப்பட்ட ஆஸ்டியோபதிக் கல்லூரி ஒன்று 1971-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1973-இல் மிசிசிபியும் இசைந்ததும் 50 மாநிலங்களிலும் டி.ஓ. மருத்துவர்கள் முழு உரிமை பெற்றனர். கலிபோர்னியாவின் தடையும் 1974-இல் அம்மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது.

இன்று அமெரிக்காவில் டி.ஓ. ஆவது எப்படி?

அமெரிக்க மாணவர் ஒருவர் முதலில் நான்காண்டு கல்லூரிப் படிப்பை முடிக்கிறார். உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்கள் அதில் இருக்க வேண்டும். பிறகு 'எம்-கேட்' என்னும் நுழைவுத் தேர்வு. எம்.டி. படிக்க விரும்புவோரும் எழுதும் அதே தேர்வுதான். ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் அடிப்படை அறிவியல். அடுத்த இரண்டு ஆண்டுகள் மருத்துவமனைப் பயிற்சி. 'காம்லெக்ஸ்' என்னும் உரிமத் தேர்வு மூன்று படிகளாக நடைபெறுகிறது. பட்டம் பெற்றபின் துறைக்கு ஏற்ப மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை மருத்துவமனையில் தங்கிப் பயிற்சி பெற வேண்டும். 2020 முதல் இந்தப் பயிற்சிக்கு எம்.டி., டி.ஓ. இரு பட்டத்தாருக்கும் ஒரே அங்கீகார அமைப்பு உள்ளது. இன்று அந்நாட்டு மருத்துவ மாணவர்களில் நால்வருக்கு ஒருவர் டி.ஓ. மாணவர். ஐந்தாகக் குறைந்த கல்லூரிகள் நாற்பதைத் தாண்டிவிட்டன.

அப்படியானால் இருவருக்கும் வேறுபாடு என்ன? டி.ஓ. மாணவர் ஏறத்தாழ 200 மணி நேரம் கைச்சிகிச்சையைக் கூடுதலாகப் பயில்கிறார். தாளின் அடியில் ஒரு தலைமுடியை வைத்து, மேலே தாள்களைக் கூட்டிக்கொண்டே போய், விரல் நுனியால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இத்துறையில் வழங்கிவரும் ஒரு பயிற்சி. நீங்களும் இன்று மாலை செய்து பார்க்கலாம். எத்தனை தாள் வரை உங்கள் விரல் உணர்கிறது என்று எண்ணுங்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரை

கர்க்ஸ்வில்லில் பயின்ற ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1917-இல் இலண்டனில் பிரிட்டிஷ் ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவினார். 1935-இல் ஆஸ்டியோபதியருக்குச் சட்டப் பதிவேடு கோரும் மசோதா பிரபுக்கள் சபைக் குழுவின் முன் வந்தது. லிட்டில்ஜான் சாட்சியம் அளித்தார். குறுக்கு விசாரணையில் அவருடைய பள்ளியின் கல்வித் தரம் கேள்விக்கு உள்ளாயிற்று. பதில்கள் நிறைவாக இல்லை. மசோதா கைவிடப்பட்டது.

பிளெக்ஸ்னர் அமெரிக்காவில் கேட்ட கேள்வியே இலண்டனிலும் எழுந்தது. ஆனால் பிரிட்டனின் ஆஸ்டியோபதியர் வேறு வழியில் சென்றனர். முழு மருத்துவராக மாற முயலாமல், தசை, எலும்பு, மூட்டு ஆகியவற்றின் கைச்சிகிச்சையாளராகவே நின்றனர். ஆகவே பாதை பிரிந்தது. சட்ட அங்கீகாரம் பெற அவர்கள் 1993 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டின் சட்டத்தால் பொது ஆஸ்டியோபதிக் குழு அமைந்தது. 1998-இல் பதிவேடு திறக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டுக்குப்பின் அதில் பெயர் இல்லாத ஒருவர் தம்மை ஆஸ்டியோபதியர் என்று அழைத்துக்கொள்வது குற்றம்.

அங்கே மாணவர் பள்ளி இறுதி வகுப்புக்குப் பின் நேராகச் சேரலாம். பொதுவாக நான்காண்டு முழுநேரப் படிப்பு. 1,000 மணி நேரம் நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். பதிவு செய்தபின்னும் மூன்றாண்டுக்கு 90 மணி நேரம் தொடர்கல்வி கற்றாக வேண்டும். அவர் மருத்துவர் அல்லர். ஆனால் சட்டத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட தொழிலாளர். எந்த நோயைத் தாம் தொடக் கூடாது, யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவர் படிப்பின் முக்கியமான பாடம்.

இந்தச் சிகிச்சை பயன் தருகிறதா என்று கேட்பீர்கள். கீழ்முதுகு வலிக்கு ஓரளவு பயன் உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2016-இல் இங்கிலாந்தில் வெளியான மருத்துவ வழிகாட்டுதல், கைச்சிகிச்சையைத் தனியாக அன்று, உடற்பயிற்சியோடு சேர்த்தே பரிசீலிக்கலாம் என்று கூறியது. முதுகெலும்பைத் திருத்தி எல்லா நோயையும் போக்கலாம் என்று எவரேனும் சொன்னால், அவர் 1874-லேயே நின்றுவிட்டார் என்று கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு

இந்த வரலாறு எலும்பைப் பற்றியது மட்டும் அன்று. மருத்துவத் துறையில் நாள்தோறும் புதிய பெயர்களில் படிப்புகள் விளம்பரமாகின்றன. சில உள்நாட்டில், சில வெளிநாட்டில். உங்கள் தந்தை நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துமுன், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பட்டம் பெற்றவர் எந்தச் சட்டத்தின்கீழ், எந்தப் பதிவேட்டில் சேர்க்கப்படுவார்? எத்தனை மணி நேரம் உண்மையான நோயாளிகளிடம் பயிற்சி பெறுவார்? அவரைத் தேர்வு செய்பவர் அதே பள்ளியா, வெளியார் எவரேனும் உண்டா? படிக்கும் நாட்டில் கிடைக்கும் விடையோடு நின்றுவிடாமல், தொழில் செய்யப்போகும் நாட்டிலும் இக்கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரு நாட்டில் அறுவை செய்ய உரிமை தரும் இரண்டு எழுத்துகள், மற்றொரு நாட்டில் ஊசி போடவும் உரிமை தாராமல் போகலாம்.

ஆண்ட்ரூ ஸ்டில் மூன்று குழந்தைகளை இழந்த துயரத்திலிருந்து ஒரு பட்டத்தை உருவாக்கினார். அவருடைய கொள்கையின் பெரும்பகுதி காலத்தின் சோதனையில் நிற்கவில்லை. ஆயினும் அந்தப் பட்டம் நிலைத்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு, தவறான பாடங்களைத் திருத்தத் துணிந்ததே அதற்குக் காரணம். அடுத்த முறை ஒரு மருத்துவரின் பெயர்ப்பலகையைப் படிக்கும்போது, அந்த எழுத்துகளுக்குப் பின்னால் எத்தனை சடலங்களும் நூல்களும் தேர்வுகளும் சட்டங்களும் நிற்கின்றன என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.